உயிர் காத்த செய்முறைக் குறிப்பு

நுழையும்முன்

கதையும் கவிதையும் படிப்பவரின் உள்ளத்தில் நிலைக்கின்றன. செய்முறைக் குறிப்போ படிப்பவரின் கைகளில் செயலாக மாறுகிறது. குறிப்பில் ஒரு சொல் பிழைத்தால் செயலும் பிழைபடும். சில நேரங்களில் அப்பிழை உயிரையே பறித்துவிடும். வங்கத்து மண்ணில் எழுந்த ஓர் எளிய குறிப்பின் வரலாற்றைக் கொண்டு, நல்ல செய்முறைக் குறிப்பு எவ்வாறு அமையவேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

எங்கும் உள்ள எழுத்து

கொல்கத்தாவின் கிழக்கு எல்லையில், விமான நிலையத்திற்கு அருகில் அமைந்த புதிய நகரம் நியூ டவுன். அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பத்துச் சிறுவர் ஒருவர் காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போதே பல குறிப்புகளைக் கடந்து செல்கிறார். மின்தூக்கியின் உள்ளே, அது நடுவழியில் நின்றால் செய்யவேண்டியவை எழுதப்பட்டுள்ளன. படிக்கட்டின் அருகில் தொங்கும் தீயணைப்புக் கருவியின்மேல் அதை இயக்கும் முறை அச்சிடப்பட்டுள்ளது. அடுக்களையில் உள்ள நீர் வடிகட்டி, மருந்துப் புட்டி, அரிசி குக்கர் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தாளுடன் வீட்டிற்கு வந்தவை.

நியூ டவுனிலும் அதை அடுத்த சால்ட் லேக் ஐந்தாம் பிரிவிலும் மென்பொருள் நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றில் பணிபுரியும் பெற்றோர் பலருக்குக் கணினி நிரல் எழுதுவதோடு, அந்நிரலைப் பிறர் பயன்படுத்துவதற்கான கையேட்டை எழுதுவதும் கடமையாகும். இத்தகைய எழுத்து யாவும் தொழில்நுட்ப ஆவணம் என்னும் பெரும்பிரிவில் அடங்கும்.

இவ்வெழுத்தை எளிதானது என்று பலர் எண்ணுகின்றனர். செய்யத் தெரிந்தவருக்கு அதை எழுதவும் தெரியும் என்று கருதுகின்றனர். உண்மை வேறு. நன்கு அறிந்தவர் தமக்குப் பழகிப்போன படிகளைத் தம்மை அறியாமலே விட்டுவிடுவார். அறியாதவர் தடுமாறும் இடம் அதுவே. ஆகவே, அறிந்தவர் அறியாதவரின் இடத்தில் நின்று எழுதுவதே இக்கலையின் அடிப்படை. இதற்குச் சிறந்த சான்று நியூ டவுனுக்கு வெகு தொலைவில் இல்லை. விமான நிலையத்தை ஒட்டிச் செல்லும் ஜெசோர் சாலையில் வடகிழக்காக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால் பன்காவ் என்னும் எல்லைப்புற ஊரை அடையலாம். அந்தச் சான்று அவ்வூரில் பிறந்தது.

பன்காவ், 1971

1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போர் நடைபெற்றது. அப்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவிற்குள் அடைக்கலம் புகுந்தனர். முகாம்களில் தூய குடிநீர் இல்லை, மழைக்காலமும் சேர்ந்துகொண்டது. வாந்திபேதி எனத் தமிழர் அழைக்கும் காலரா விரைவாகப் பரவியது. இந்நோயாளியின் உடலிலிருந்து நீரும் உப்பும் சில மணி நேரத்திலேயே பெருமளவில் வெளியேறிவிடும். இழந்த நீரை ஈடுசெய்யாவிட்டால் இறப்பு நேரும்.

அக்காலத்தில் சிரையின் வழியே சலைன் நீரை ஏற்றுவதே வழக்கமான மருத்துவமாக இருந்தது. அதற்குத் தூய்மையாக்கப்பட்ட புட்டிகளும், ஊசிகளும், பயிற்சி பெற்ற செவிலியரும் தேவை. பன்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென இருந்தவை இரண்டு அறைகளே. படுக்கைகள் நிரம்பி, நோயாளிகள் தரையிலும் கிடந்தனர். சலைன் புட்டிகளின் இருப்பும் தீர்ந்துகொண்டிருந்தது.

அங்குப் பணியாற்றியவர் மருத்துவர் திலிப் மகாலனாபிஸ். சர்க்கரையும் உப்பும் உரிய அளவில் கலந்த நீரைக் குடித்தாலே குடல் அதை ஏற்றுக்கொள்ளும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1960களில் நடந்த ஆய்வுகள் இதை மெய்ப்பித்திருந்தன. ஆனால் அவை மருத்துவமனைக்குள், வல்லுநரின் கண்காணிப்பில் நடந்தவை. பயிற்சி இல்லாத மக்கள் இக்கரைசலைத் தாமே கலந்து கொடுக்க இயலுமா என்ற ஐயம் மருத்துவ உலகில் நிலவியது. வேறு வழியற்ற நிலையில் மகாலனாபிஸ் அம்முயற்சியை மேற்கொண்டார்.

ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என மூன்றே பொருள்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவை மலிவானவை; எளிதில் கிடைப்பவை. கொல்கத்தாவில் அவற்றை நிறுத்து, குறிப்பிட்ட அளவு நீருக்கு எனக் கணக்கிட்டு, பிளாஸ்டிக் பைகளில் இட்டு மூடினர். நீரில் கரைக்கும் முறையைக் கூறும் சீட்டும் பையினுள் வைக்கப்பட்டது. முகாமில் கரைசலைப் பெரிய கலங்களில் நிரப்பினர். தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் அதை முகந்து நோயாளிக்கு ஊட்டினர். கலக்கும் முறையை விளக்கும் துண்டறிக்கைகள் எல்லையோரம் வழங்கப்பட்டன. வங்கதேச விடுதலைப் போராளிகளின் மறைமுக வானொலியும் அதை ஒலிபரப்பியது.

இரண்டு மாதங்களில் 3000க்கும் மேற்பட்டோர் இம்முறையில் மருத்துவம் பெற்றனர். நூற்றுக்கு 20 முதல் 30 வரை இருந்த இறப்பு, இம்முறையைக் கையாண்ட முகாமில் நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது. இன்று மருந்துக் கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் கிடைக்கும் பொட்டலம் உலகெங்கும் பரவுவதற்கு இவ்வெற்றி பெருந்துணையாயிற்று. மகாலனாபிஸ் 2022இல் மறைந்தார். 2023இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை வழங்கிச் சிறப்பித்தது.

பொட்டலம் கற்பிக்கும் பாடம்

பன்காவில் வென்றது மருந்து மட்டுமா? மருந்தின் அறிவு முன்பே இருந்தது. அந்த அறிவை எழுத்தறியாத முதியவரும் செய்யத்தக்க செயலாக மாற்றியதில்தான் புதுமை இருந்தது. அம்மாற்றத்தைக் கூர்ந்து நோக்கினால் செய்முறைக் குறிப்பின் இலக்கணம் புலப்படும்.

நிறுத்தல் கடினமான வேலை. பிழை நேரக்கூடிய வேலையும் அதுவே. அதை முகாமிலிருந்த தாயிடம் விடாமல் கொல்கத்தாவில் இருந்தவர்களே செய்து முடித்தனர். அதனால் தாய்க்குக் கூறவேண்டியது மிகவும் சுருங்கிற்று: இந்தப் பொட்டலம், இவ்வளவு நீர். குறிப்பை எழுதுமுன், குறிப்பே தேவைப்படாதவாறு எவ்வளவு வேலையைக் குறைக்கலாம் என்று எண்ணுவது நல்ல எழுத்தாளரின் முதற்பணி.

இக்காலத்துப் பொட்டலத்தின் பின்புறத்தில் நான்கைந்து செய்திகளே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பொடி முழுவதையும் ஒரே முறையில் கரைக்கவேண்டும் என்பது ஒன்று. பொடியில் உப்பும் சர்க்கரையும் சீராகக் கலந்திராமல் போகலாம். பாதியை எடுத்தால் அளவு மாறிவிடும். குறிப்பிட்ட அளவு நீரையே சேர்க்கவேண்டும் என்பது மற்றொன்று. நீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடு விளையும். நீர் மிகுந்தால் கரைசலின் பயன் குறையும். கலந்த நீரை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தவேண்டும், எஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும் என்பது இன்னொன்று. கரைசலில் கிருமிகள் பெருகக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

இந்தியாவில் ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலமும், 200 மில்லிலிட்டர் நீருக்கான சிறு பொட்டலமும் விற்பனையாகின்றன. எனவே, 'ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கலக்கவும்' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பொட்டலம், எவ்வளவு தண்ணீர் என்பன இல்லாத அக்குறிப்பு, ஏதும் சொல்லாமல் இருப்பதைவிடத் தீங்கானது. படிப்பவர் தாம் சரியாகச் செய்கிறோம் என்ற நம்பிக்கையுடன் தவறு செய்வார்.

வீடு வீடாகச் சென்ற குறிப்பு

எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தில் இக்குறிப்பு மற்றொரு வடிவம் பெற்றது. பொட்டலம் சென்றடையாத சிற்றூர்களே அங்கு மிகுதி. எனவே, ஃபசலே ஹசன் ஆபெத் நிறுவிய பிராக் என்னும் தொண்டு அமைப்பு, வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே கரைசல் செய்யும் முறையைக் கற்பிக்க முன்வந்தது. மூன்று விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்பதே அம்முறை. 1980 முதல் 1990 வரை பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இதைக் கற்பித்தனர். தாய்மார் மனத்தில் கொள்ளவேண்டியவை பத்துக் கருத்துகளாகத் தொகுக்கப்பட்டன.

பணியாளரின் ஊதியம் கணக்கிடப்பட்ட முறை வியப்புக்குரியது. எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதைமட்டும் கணக்கிடவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, தேர்ந்தெடுத்த சில வீடுகளில் தாய்மாரிடம் வினவுவார். தாய் எத்தனை கருத்துகளை நினைவில் வைத்திருந்தார், கரைசலைச் சரியாகக் கலந்தாரா என்பவற்றைப் பொறுத்தே ஊதியம் அமைந்தது. தாய்மார் செய்த கரைசல்கள் ஆய்வகத்திலும் சோதிக்கப்பட்டன. கற்பித்தவர் என்ன சொன்னார் என்பதைவிடக் கற்றவர் என்ன செய்தார் என்பதே அளவுகோலாயிற்று.

தொடக்கத்தில் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. முறையைச் சரியாக ஒப்புவித்த தாய்மாருள் பலர் நோய் வந்தபோது அதைப் பயன்படுத்தவில்லை. காரணங்களை ஆராய்ந்தபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன.

முதலாவது, சொல். பணியாளர் எல்லா வகை வயிற்றுப்போக்கையும் 'டயரியா' என்றனர். சிற்றூர் மக்களோ கடுமையாக நீர்போலக் கழிவதை மட்டுமே அப்பெயரால் அழைத்தனர். சீதபேதி அவர்களுக்கு 'ஆமாஷா'. உணவு ஒவ்வாமையால் வருவது 'அஜீர்ணோ'. பால்குடிக் குழந்தைக்கு வருவதற்கு வேறொரு பெயர். ஆகவே, கேட்ட குறிப்பு தம் குழந்தையின் நோய்க்கு உரியதன்று என்று தாய்மார் எண்ணினர். தமிழிலும் பேதி, வயிற்றுப்போக்கு, வயிற்றோட்டம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. ஓர் ஊரார் வழங்கும் சொல்லை மற்றோர் ஊரார் வேறு பொருளில் கொள்ளக்கூடும். எழுதுபவரின் சொல்லும் படிப்பவரின் சொல்லும் ஒன்றாக இருந்தாலும், பொருள் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, நம்பிக்கை. கற்பித்த பணியாளருள் பலரே தமக்கு நோய் வந்தபோது இக்கரைசலை நம்பவில்லை. முறை தெரிந்திருந்தும் அது செயல்படும் காரணம் அவர்களுக்குத் தெரியவில்லை. சர்க்கரையின் துணையால்தான் குடல் உப்பை ஈர்த்துக்கொள்கிறது, உப்பைத் தொடர்ந்து நீரும் உடலுள் சேர்கிறது என்பது அதன்பின் அவர்களுக்கு விளக்கப்பட்டது. காரணம் அறிந்தபின் அவர்கள் தாய்மாரின் முன்னிலையில் தாமே அக்கரைசலைக் குடித்துக் காட்டினர். 'எப்படி' என்பதுடன் 'ஏன்' என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் குறிப்பு நம்பத்தக்கதாகிறது. சர்க்கரை சுவைக்காகச் சேர்க்கப்படவில்லை என்று அறிந்தவர், வீட்டில் சர்க்கரை குறைவாக உள்ளது என்று அதை விட்டுவிடமாட்டார்.

நன்னூல் காட்டும் அளவுகோல்

நூல் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர், தம் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துள்ளார். இலக்கண நூலுக்குக் கூறப்பட்ட அவை இக்காலக் கையேட்டிற்கும் பொருந்துகின்றன.

நீரின் அளவைக் கூறாமல் விடுவது 'குன்றக் கூறல்'. நோயுற்ற குழந்தையின் தாய்க்குக் குடலின் அமைப்பை மூன்று பக்கங்களில் விளக்குவது 'மிகைபடக் கூறல்'. இருபொருள்படும் சொல்லால் ஐயம் எழச்செய்வது 'மயங்க வைத்தல்'. பொட்டலத்தில் ஓர் அளவும் துண்டறிக்கையில் வேறோர் அளவும் இருப்பது 'மாறுகொளக் கூறல்'. செய்முறையைத் தொடங்கிவிட்டு நிறுவனத்தின் பெருமையைப் பேசுவது 'மற்றொன்று விரித்தல்'.

அழகுகளுள் முதலிரண்டையும் சேர்த்தே எண்ணவேண்டும். அவை 'சுருங்கச் சொல்லல்', 'விளங்க வைத்தல்' என்பன. சுருக்கம் மட்டும் இருந்தால் பொருள் மறையும்; விளக்கம் மட்டும் இருந்தால் நீளம் மிகும். அவசரத்தில் இருப்பவர் படிக்கும் குறிப்பிற்கு இரண்டும் ஒருங்கே தேவை. 'முறையின் வைப்பு' என்பது படிகளைச் செய்யும் வரிசையிலேயே எழுதுவதாகும். கைகளைக் கழுவவேண்டும் என்பதை இறுதியில் எழுதினால், படிப்பவர் அவ்வரியை அடையும்போது கரைசல் கலக்கப்பட்டிருக்கும். வழக்கிலுள்ள சொல்லை வழக்கிலுள்ள பொருளிலேயே ஆளவேண்டும் என்பதை 'உலகம் மலையாமை' என்னும் அழகோடு பொருத்திப் பார்க்கலாம்.

கணினிக்கும் இதுவே நெறி

மென்பொருள் கையேடு எழுதுபவருக்கும் இவ்வளவுகோல்கள் உதவும். நிரலை உருவாக்கியவர் உறங்கும் நள்ளிரவில், பணிக்குப் புதியவர் ஒருவர் அக்கையேட்டைத் திறக்கிறார் என்று கொள்ளலாம். திரையில் பிழைச்செய்தி ஒன்று தோன்றியுள்ளது. 'அமைப்பைச் சரிவர உள்ளிடவும்' என்ற வரி அவருக்கு உதவாது. எந்தக் கோப்பில், எந்த வரியில், எந்த மதிப்பை இடவேண்டும். இட்டபின் திரையில் என்ன தோன்றும். அவ்வாறு தோன்றாவிட்டால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பவை கூறப்பட்டிருந்தால் அவர் பிறரை எழுப்பாமலே பணியை முடிப்பார்.

கையேடு காலத்தோடு மாறவும் வேண்டும். 1971இல் கரைசலில் இருந்த சமையல் சோடாவுக்குப் பதிலாக 1980களில் சிட்ரேட் உப்பு சேர்க்கப்பட்டது. பொடி நீண்ட நாள் கெடாமல் இருக்க அது உதவியது. பின்னர், உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் உப்பும் சர்க்கரையும் குறைந்த புதிய கலவையைப் பரிந்துரைத்தது. அதன்படி ஒரு லிட்டர் நீருக்குரிய பொடியின் எடை 20.5 கிராம். பொருள் மாறியபோதெல்லாம் பொட்டலத்தின் எழுத்தும் மாறிற்று. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபின் பழைய கையேட்டை அப்படியே விட்டுவைப்பது, மாற்றியமைக்கப்பட்ட சாலையில் பழைய வழிகாட்டிப் பலகையை நிறுத்திவைப்பது போன்றதாகும்.

குறிப்பு நல்லதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதை அறியாத ஒருவரிடம் கொடுத்து, வாய் திறவாமல் அருகில் நின்று பார்க்கவேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே குறிப்பைத் திருத்தவேண்டும். அவர் தயக்கமின்றிச் செய்து முடித்தால் எழுதியவரின் பணி நிறைவுற்றது.

சொற்பொருள்

அடைக்கலம் – புகலிடம்
கலம் – பாத்திரம்
முகந்து – மொண்டு எடுத்து
துண்டறிக்கை – செய்தி அச்சிட்ட சிறு தாள்
சிட்டிகை – விரல் நுனிகளால் எடுக்கும் சிறு அளவு
பாயிரம் – நூலின் முன்னுரை
மலையாமை – மாறுபடாமை
நெறி – வழி, முறை

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பன்காவ் முகாமில் பயன்படுத்திய கரைசலில் சேர்க்கப்பட்ட மூன்று பொருள்கள் யாவை?
2. பொட்டலத்தில் பாதியை மட்டும் கரைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் என்ன?
3. நூலின் குற்றங்களையும் அழகுகளையும் வகுத்துரைத்த இலக்கண நூல் எது? அதன் ஆசிரியர் யார்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. முறையை அறிந்த தாய்மார் அதைப் பயன்படுத்தாமைக்குரிய இரு காரணங்களை விளக்குக.
2. பிராக் பணியாளரின் ஊதியத்தைக் கணக்கிட்ட முறை நல்ல குறிப்பின் தன்மையை எவ்வாறு உணர்த்துகிறது?

இ. கீழ்க்காணும் குறிப்பிலுள்ள குற்றங்களைக் கண்டறிந்து பெயரிடுக. பின்னர்ச் செவ்வையாகத் திருத்தி எழுதுக.

தயிர் உறை ஊற்றும் முறை: பாலில் சிறிது தயிரைக் கலக்கவும். தயிர் மிகப் பழமையான உணவு. பாலை நன்கு காய்ச்சியிருக்கவேண்டும். சிலமணி நேரம் வைக்கவும். தயிரைக் கலக்குமுன் பால் ஆறியிருக்கவேண்டும். அதை அசைக்கக்கூடாது.

ஈ. செயல்பாடு

1. வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு கருவியை இயக்கும் முறையைப் பத்து வரிகளுக்குள் தமிழில் எழுதுக. தமிழ் படிக்கத் தெரிந்த, அக்கருவியை இயக்கியறியாத ஒருவரிடம் கொடுத்து அவர் தயங்கிய இடங்களைக் குறித்துக்கொள்க. அவ்விடங்களைத் திருத்தி மீண்டும் எழுதுக.
2. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைப் பெரியவர் துணையுடன் பார்வையிடுக. அதில் எத்தனை மொழிகளில் குறிப்பு உள்ளது, நீரின் அளவு எவ்விடத்தில் உள்ளது, எழுத்தின் அளவு படிக்க ஏற்றதா என்பவற்றை வகுப்பில் எடுத்துரைக்க.